அம்மாவின் மூன்று பெயர்கள்

அண்ணா, வணக்கம். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து டெல்லி ஷாஹீன் பாக்கில் உட்கார்ந்து போராடிய பெண்களைப் பற்றி உயர்வாக எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒத்துக்கொள்ள முடியவில்லை. 2019இல் வந்த அந்தச் சட்டம் இந்த நாட்டு முஸ்லிம் யாருடைய குடியுரிமையையும் பறிக்கவில்லையே? மூன்று மாதம் ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள், கடைசியில் 2024இல் விதிகளும் வந்துவிட்டன. என்ன கிடைத்தது? இங்கே நாமெல்லாம் ஒன்றாகத்தானே இருக்கிறோம், எதற்கு இந்த பயம்? நான் தமிழ்வழிப் பள்ளிக்காக மனு எழுதி அலைகிறவன், மதம் பார்க்கிற ஆள் இல்லை. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.
ச., கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

அன்புள்ள ச.,

தவறாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. இதே கேள்வி என் நண்பர்கள் பலர் மனதிலும் இருந்தது, ஆனால் கேட்டது நீங்கள்தான். அதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

சட்டத்தை மட்டும் தனியாக எடுத்துப் படித்தால் நீங்கள் சொல்வது சரி. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு மதத்தாருக்குக் குடியுரிமை தர வழி செய்கிறது, அவ்வளவுதான். அந்த ஆறில் இஸ்லாம் இல்லை. நாடுகளின் பட்டியலில் இலங்கையும் இல்லை. மண்டபம் முகாமில் இருக்கிற தமிழருக்கும் அதில் இடம் கிடையாது. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் யாரும் அதைத் தனியாகப் படிக்கவில்லை. 2019 ஆகஸ்ட் 31 அன்று அசாமில், யாரெல்லாம் இந்நாட்டுக் குடிமக்கள் என்று சொல்லும் பட்டியலான குடிமக்கள் பதிவேடு வந்தபோது 19 லட்சம் பேர் விடுபட்டிருந்தார்கள். நவம்பர் 20 அன்று உள்துறை அமைச்சர் மாநிலங்களவையில் எழுந்து, பதிவேடு நாடு முழுக்க வரும் என்றார். மூன்று வாரத்தில் இந்தச் சட்டம். பட்டியலில் விடுபட்டால் மற்றவர்களுக்கு ஒரு வழி இருக்கலாம், உனக்கு இல்லை என்றுதான் எங்கள் வீடுகளில் அது கேட்டது.

எங்கள் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பாலக்காட்டு ராவுத்தர் முஸ்லிம்கள், வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். அம்மா பொள்ளாச்சியில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். பிறப்புச் சான்றிதழ் கிடையாது. வீட்டில் பாத்தும்மா, ரேஷன் கார்டில் பாத்திமா பீவி, வாக்காளர் பட்டியலில் பாத்துமா. தமிழில் சொன்னதை மலையாளத்தில் எழுதி, அதை இன்னொருவர் இங்கிலீஷில் எழுதினால் இப்படித்தான் ஆகும், உங்கள் ஊரில் முருகேசன்களுக்கும் இதே கதைதான். அத்தா, அதாவது அப்பா, பிறந்தபோது பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம், 1956 நவம்பர் 1க்குப் பிறகு கேரளம், அவருடைய பழைய காகிதத்தில் ஒரு மாநிலம், புதியதில் வேறு. அந்த டிசம்பரில் அம்மா பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி, "இதில் எது நான்னு கேட்டா என்னடா சொல்றது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இது வெறும் மனப்பயம் இல்லை. 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், ஒருவர் குடிமகன், மற்றவர் சட்டவிரோதமாக வந்தவர் அல்ல என்றும் இருக்க வேண்டும். 2006இல் பிறந்த என் மகளுக்குத் தன் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது என்பதை நான் அப்போதுதான் புரிந்துகொண்டேன்.

ரோடு விஷயம். அந்த வழியே தினமும் வேலைக்குப் போனவர்கள் பட்ட கஷ்டம் உண்மை. பொது வழியைக் காலவரையின்றி மறிக்கக் கூடாது என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சொன்னது, எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் எண்பது தாண்டிய பில்கிஸ் பாட்டியைப் போன்றவர்கள் டெல்லிக் குளிரில் இரவெல்லாம் ஏன் உட்கார்ந்தார்கள் என்பதை ரோட்டை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். அவர்கள் கையில் பிடித்திருந்தது அரசியலமைப்பின் முகப்புரை. தனிச்சலுகை எதுவும் கேட்கவில்லை, 14ஆம் பிரிவு எல்லோருக்கும் சொல்கிற சமத்துவத்தைத்தான் கேட்டார்கள். சென்னை பெசன்ட் நகரில் இந்தச் சட்டத்தை எதிர்த்துக் கோலம் போட்ட பெண்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதே, அவர்கள் ஒரு வண்டியையும் மறிக்கவில்லை.

நீங்கள் மனுவில் அரசியலமைப்பின் 350ஏ பிரிவை எழுதுகிறீர்கள் அல்லவா, மொழிச் சிறுபான்மைக் குழந்தைக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி என்று? கேரளத்தில் இருந்துகொண்டு தமிழ் கேட்கிறாயே என்று யாராவது சொன்னால் உங்களுக்கு எவ்வளவு கோபம் வரும்! அதே கோபம்தான் அவர்களுக்கும். இரண்டு பேரும் திறந்து காட்டுவது ஒரே புத்தகத்தை.

என்ன கிடைத்தது என்கிறீர்கள். சட்டம் நின்றுவிடவில்லை, அது உண்மை, வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. ஆனால் நவம்பரில் நாடு முழுக்க வரும் என்று சொன்ன அதே அரசு, 2020 பிப்ரவரி 4 அன்று மக்களவையில், தேசிய அளவில் பதிவேடு பற்றி இதுவரை முடிவெடுக்கவில்லை என்று எழுத்தில் பதில் தந்தது. நடுவே நடந்தது இந்தப் போராட்டம்தான். கேரள சட்டமன்றம் 2019 டிசம்பர் 31 அன்றே இந்தச் சட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டது, குடியரசு நாளில் காசர்கோட்டிலிருந்து நம் களியக்காவிளை வரை மனிதச் சங்கிலி நின்றது, அதில் எல்லா மதத்தாரும் இருந்தார்கள். கொடுத்த விலையும் பெரியது. அந்த பிப்ரவரியில் டெல்லிக் கலவரத்தில் 53 உயிர்கள் போயின, அதில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். போராட்டத்தில் முன்நின்ற இளைஞர்கள் சிலர் விசாரணை முடியாமலே வருடக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

நாம் இங்கே ஒன்றாகத்தான் இருக்கிறோம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு சொல்கிறேன். அப்புறம், அடுத்த முறை பள்ளி மனு கொண்டுபோகும்போது தேதியை முன்னாலேயே சொல்லுங்கள், நானும் வந்து கையெழுத்துப் போடுகிறேன்.