கொழும்பு வெயிலுக்குத் தடித்த எஞ்சின் ஒயில் தேவையா?

கொழும்பின் காலி வீதி நெரிசலில் எஞ்சின் சூடேறியபின் ஒயில் அழுத்த எச்சரிக்கை விளக்கு மினுங்குவதால், கைநூலில் உள்ள 5டபிள்யூ-30 ஒயிலுக்குப் பதிலாக அதைவிடத் தடித்த 20டபிள்யூ-50 ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊற்றினால் அழுத்தமானி கூடுதலாகக் காட்டும். எஞ்சின் நலமடைந்துவிட்டதாக அதற்குப் பொருளில்லை. பம்பு தள்ளும் ஒயில் பெயரிங்குகளின் நுண்ணிய இடைவெளிகளில் சந்திக்கும் எதிர்ப்பே அழுத்தமாகத் தெரிகிறது. ஒயில் அளவுக்கு மீறித் தடித்தால், அழுத்தம் எல்லையைத் தாண்டியதும் விடுவிப்பு வால்வு திறந்து ஒரு பகுதியைத் திருப்பியனுப்பிவிடும். பெயரிங்குகளுக்குக் கிடைப்பது குறையும்.

'டபிள்யூ'வுக்கு முன்னுள்ள எண் குளிர்நிலைக்குரியது. கொழும்பில் அதற்கு அவ்வளவு வேலையில்லை. பின்னுள்ள எண் 100 பாகை செல்சியஸில் உள்ள பாகுநிலையை, அதாவது ஒயிலின் தடிப்பைக் குறிக்கும். வெளியே 32 பாகையானாலும், தெர்மோஸ்டாட் எஞ்சினை ஏறத்தாழ 90 பாகையில் வைத்திருக்க முயல்வதால், வெயிலை மட்டும் காரணங்காட்டித் தரத்தை மாற்ற வேண்டியதில்லை. கைநூலின் வெப்பநிலை அட்டவணை அனுமதித்தால் மட்டும் 5டபிள்யூ-40 வரை செல்லலாம்.

முதலில் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். அது சரியென்றால், விளக்கை இயக்கும் அழுத்த சென்சரைச் சந்தேகித்து, கராஜில் தனி அழுத்தமானி பொருத்தி அளக்கச் சொல்லுங்கள். அழுத்தம் உண்மையாகவே குறைவென்றால், தேய்ந்த பெயரிங்கோ பம்போ, பம்பு ஒயிலை உறிஞ்சும் இடத்திலுள்ள வலை அடைபட்டிருப்பதோ காரணமாகலாம். தடித்த ஒயில் அவற்றைச் சில மாதங்கள் மறைக்கும், அவ்வளவுதான். காரணம் தெரியும்வரை விளக்கு எரிய எரிய வாகனத்தை ஓட்டாதீர்கள்.