மஞ்சள் இறக்கை, வெள்ளை இறக்கை: பூச்சி ஒன்றுதான்

கேள்வி: பின்லாந்தில் வசிக்கிறோம். ஜூன் மாதம் காட்டோரம் நடந்தபோது, கறுப்புக் கோலம் போட்ட சிறிய அந்துப்பூச்சிகள் பட்டப்பகலில் பறந்தன. சிலவற்றுக்குப் பின்னிறக்கை மஞ்சள், சிலவற்றுக்கு வெள்ளை. மகள் ஒன்றைப் பிடித்ததும் அதன் கழுத்தருகே ஒரு சொட்டுத் திரவம் வந்தது. இவை இரண்டு இனங்களா? திரவம் விஷமா? வீட்டில் வைத்து வளர்க்கலாமா?

பதில்: முதலில் மகளைப் பற்றி. சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும், பயப்பட ஒன்றுமில்லை. அதுவரை கண்ணைக் கசக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் வுட் டைகர் என்ற புலி அந்துப்பூச்சிக்குப் பொருந்துகின்றன. அறிவியல் பெயர் ஆர்க்டியா பிளான்டாஜினிஸ். அந்தச் சொட்டில் இருப்பவை பைரசின் வகைச் சேர்மங்கள்; பச்சைக் குடைமிளகாயின் வாசனைக்குக் காரணமானவையும் இதே குடும்பம்தான். கொத்த வரும் பறவையை விரட்டத்தான் இந்த ஏற்பாடு. வேடிக்கை என்னவென்றால், எறும்புகளுக்கென்று இந்தப் பூச்சி தனியாக இன்னொரு திரவம் வைத்திருக்கிறது. அது வயிற்று நுனியிலிருந்து வரும். எதிரிக்கு ஏற்ற ஆயுதம்!

சரி, நிறத்துக்கு வருவோம். நீங்கள் பார்த்த மஞ்சளும் வெள்ளையும் பெரும்பாலும் ஒரே இனத்தின் ஆண்கள். ஒரே ஒரு மரபணு இடம்தான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. அதில் வெள்ளை ஓங்கு பண்பு, அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வெள்ளைக்கான மரபணு வந்தாலே இறக்கை வெள்ளையாகிவிடும். பறவைகள் மஞ்சளைக் கண்டால் கூடுதலாக ஒதுங்குகின்றன. அப்படியானால் வெள்ளை எப்போதோ அழிந்திருக்க வேண்டுமே? பின்லாந்து ஆய்வாளர்களின் சோதனைகளில் இணை சேர்வதில் வெள்ளை ஆண்களின் கை ஓங்கியிருந்தது. உயிர் தப்புவதில் ஒன்றுக்கு லாபம், இணை கிடைப்பதில் மற்றதற்கு லாபம். இரண்டும் நீடிக்க இது ஒரு முக்கியக் காரணம். பெண்களின் பின்னிறக்கை மஞ்சளில் தொடங்கிச் சிவப்பு வரை போகும். ஐரோப்பாவும் ஆசியாவும் சேரும் காகசஸ் மலைப் பக்கம் ஆண்களிலேயே சிவப்பு உண்டு.

வளர்ப்பதைப் பொறுத்தவரை, பிடித்த பூச்சியை விட்டுவிடுங்கள் என்பேன். முதிர்ந்த பூச்சி எதையும் சாப்பிடாது. தேன், சர்க்கரைத் தண்ணீர் வைப்பது வீண். புழுவாக இருந்தபோது சேர்த்த சத்தை வைத்தே இணை சேர்ந்து, முட்டையிட்டு, சில வாரங்களில் ஆயுளை முடித்துக்கொள்ளும்.

மகளுக்கு ஆசை விடவில்லையென்றால் வசந்தத்தில் புழுவைத் தேடுங்கள். உடம்பெல்லாம் கறுப்பு மயிர், நடுவில் ஆரஞ்சுத் திட்டு. இந்தத் திட்டின் அளவு புழுவுக்குப் புழு மாறும்: பெரிதாக இருந்தால் பறவைகளுக்கு நல்ல எச்சரிக்கை, சிறிதாக இருந்தால் கறுப்பு அதிகம், குளிரில் உடம்பு சீக்கிரம் சூடேறும். டேன்டிலியான் (மஞ்சள் பூப் பூக்கும் களைச்செடி) இலை கொடுத்தால் நன்றாகத் தின்னும். மருந்து அடித்த புல்வெளியில் மட்டும் பறிக்காதீர்கள். காற்றுப் போகும் டப்பா, தினமும் புது இலை, கழிவைத் துடைப்பது, அவ்வளவுதான் வேலை. சிலருக்கு மயிர் பட்டால் தோல் அரிக்கலாம். புழுவைக் கையால் எடுக்காமல் இலையோடு நகர்த்துங்கள்.

கோடை முடிவில் கிடைக்கும் குட்டிப் புழுவை எடுக்க வேண்டாம். அது புழுவாகவே குளிர்காலத்தைக் கழிக்கும் இனம். ஹீட்டர் ஓடும் அறை அதற்கு ஒத்துவராது.