பழனி விளக்குகளுக்கு மேலே துருவன்

கேள்வி: பேரன் பள்ளியிலிருந்து கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குப் போய்வந்தான். சூரியனுக்கும் மேலே சந்திரன் இருப்பதாக விஷ்ணு புராணத்தில் வருகிறதே என்றேன். "தாத்தா, அது தப்பு" என்கிறான். என்ன சொல்ல?
- வாசகர், பண்ணைக்காடு

பதில்: தப்புதான் என்று ஒத்துக்கொள்ளுங்கள் ஐயா, குடி முழுகிப் போகாது. அந்த ஆய்வகத்தில் 1909இல் வானியலாளர் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதைக் கண்டறிந்தார். புராணிகருக்கு இருந்தது இரண்டு கண்கள். பூமிக்கு லட்சம் யோசனை (அந்தக் காலத்துத் தூர அளவு) மேலே சூரியன், அதற்கு லட்சம் மேலே சந்திரன், அப்புறம் நட்சத்திரங்கள், புதன், சுக்கிரன், செவ்வாய், வியாழன், சனி, ஏழு முனிவர், எல்லாவற்றுக்கும் மேலே துருவன் என்று அடுக்கினார். சந்திரனில் சறுக்கினாலும் ஐந்து கோள்களின் வரிசையைப் பாருங்கள்: விரைந்து நகர்வது கீழே, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 30 ஆண்டு எடுக்கும் சனி மேலே. ராத்திரி ராத்திரியாக வானத்தைப் பார்த்தவர்கள் போட்ட கணக்கு அது. "எல்லாம் அன்றே சொல்லிவிட்டார்கள்" என்று மேடையில் முழங்குபவர்கள் இதைச் சொல்வதில்லை.

துருவனைப் பாகவதம் களத்து மேட்டில் வைத்துச் சொல்கிறது. நடுவே நட்ட கம்பத்தைச் சுற்றிப் பிணையல் மாடுகள் வருவதுபோல், துருவனைச் சுற்றிக் கோள்கள் வருகின்றனவாம். போன தை மாதம், மஞ்சு விலகிய ஓர் இரவு, குறிஞ்சியாண்டவர் கோயில் பக்கம் நின்று வடக்கே பார்த்தேன். கீழே பழனி விளக்குகள். தொடுவானத்துக்கு மேலே, கையை நீட்டி முஷ்டி பிடித்தால் எவ்வளவோ அவ்வளவு உயரத்தில் துருவ நட்சத்திரம். நாம் இருப்பது 10 டிகிரி அட்சத்தில், அதனால் அதுவும் 10 டிகிரிதான் ஏறி நிற்கும். கதையில் எல்லோருக்கும் மேலே உட்கார்ந்திருக்கும் பிள்ளை, நம் மலைக்கு இவ்வளவு தாழ்வாக! பேரனைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஏன் தாழ்வு என்று அவனே உங்களுக்குப் பாடம் எடுப்பான்.

கேள்வி: பாதாளம் என்றால் நரகம்தானே?
- வாசகி, பெருமாள்மலை

பதில்: இல்லையம்மா, நரகங்கள் வேறு. கீழேழு உலகங்களில் ஒன்றான சுதலத்தில் மகாபலி வாழ்கிறான். பாதாளங்களைச் சுற்றிவந்த நாரதர், சொர்க்கத்தைவிட அவையே அழகு என்று தேவர்களிடமே போய்ச் சொன்னார். அங்கே சூரியன் வெளிச்சம் தரும், சுடாது. நிலவு காயும், குளிராது. மார்கழியில் மன்னவனூரில் போர்வைக்குள் கிடந்து பதில் எழுதும் எனக்கு, அந்தக் 'குளிராது' ஒன்றே போதும்.