போர் போடுமுன் எந்த விதி? வாசகர் கேள்வி – பதில்

கிணறு அனுமதி, நிலத்தடி நீர்ப் பாதுகாப்பு பற்றி வந்த கடிதங்களில் ஏழுக்கு இங்கே பதில். எல்லாக் கடிதங்களிலும் ஊர்ப் பெயர் இருக்கிறது. ஒன்றில்கூடப் புல எண் இல்லை. விதியைத் தேடும்போது முதலில் வேண்டியது அந்த எண்தான்.

சென்னைக்குத் தெற்கே மனை வாங்கியிருக்கிறேன். வீட்டுக்குப் போர் போட எந்த அனுமதியும் தேவையில்லை என்கிறார் ரிக் வண்டிக்காரர். சாலைக்கு எதிர்ப்பக்கம் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வாங்கச் சொன்னார்களாம். எது சரி?
– வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்

ரிக்காரர் சொல்வது சாலையின் எந்தப் பக்கத்துக்கும் பொருந்தாது. சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம், 1987, சென்னை மாநகரோடு நிற்பதில்லை. அட்டவணையில் பெயர் உள்ள சுற்றுவட்டக் கிராமங்களுக்கும் அது செல்லும். அங்கே புதிதாகக் கிணறு இறக்க அனுமதி வேண்டும். வீட்டு உபயோகம் தவிர வேறு எதற்கு நீர் எடுத்தாலும், லாரியில் ஏற்றிச் சென்றாலும் தனியாக உரிமம் வேண்டும். அட்டவணையில் இல்லாத கிராமமானால் 2015-இல் வந்த ஊராட்சிக் கிணறு விதிகள் பொருந்தும். போர் போடுமுன் ஊராட்சியின் அனுமதி பெற வேண்டும். நகராட்சி, மாநகராட்சி என்றால் அந்தந்த அலுவலகம்.

அட்டவணையில் இருப்பவை வருவாய்க் கிராமங்கள். மனை விற்றவர் வைத்த நகர்ப் பெயர் அதில் இருக்காது. பட்டாவில் உள்ள கிராமப் பெயரை வைத்துத் தேடுங்கள். சட்டம் வந்தபோது காஞ்சிபுரம், திருவள்ளூர் எனத் தனி மாவட்டங்கள் இல்லை. அதனால் மாவட்டப் பெயர் ஒத்துவரவில்லை என்பதற்காக உங்கள் கிராமம் பட்டியலில் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பின்னால் வந்த திருத்தங்களையும் சேர்த்துப் பாருங்கள்.

எங்கள் ஒன்றியத்துக்கு, எந்த இடத்தில் எந்த விதி என்று காட்டும் வரைபடம் தயாரிக்க விரும்புகிறோம். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் ஓரளவு தெரியும். எங்கிருந்து தொடங்குவது?
– ஊராட்சிச் செயலர், விழுப்புரம் மாவட்டம்

நல்ல முயற்சி. இதை ஒவ்வோர் ஒன்றியமும் செய்தால் மக்கள் அலுவலகம் அலுவலகமாக அலைவது பாதி குறையும்.

வரைபடத்துக்கு முன்னால் ஒரு அட்டவணை போடுங்கள். ஒரு வரிசைக்கு ஒரு விதி. சட்டம் அல்லது அரசாணையின் எண், தேதி, யாருக்குப் பொருந்தும் (வீடு, பாசனம், தொழில், தண்ணீர் வணிகம்), அனுமதி தரும் அலுவலகம், எல்லை எந்த அலகில் சொல்லப்பட்டிருக்கிறது, இன்று நடைமுறையில் உள்ளதா என்று ஆறு பத்திகள். கடைசிப் பத்தியை விட்டுவிடாதீர்கள். தமிழ்நாடு நிலத்தடி நீர் மேம்பாடு மற்றும் மேலாண்மைச் சட்டம் 2003-இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வராமலே 2013-இல் திரும்பப் பெறப்பட்டது. இன்றும் பல தொகுப்புகளில் அது உயிருள்ள சட்டம்போல நிற்கிறது.

அடுத்தது எல்லைகள். இங்கேதான் பெரும்பாலான வரைபடங்கள் தவறிப்போகின்றன. போர் அனுமதி ஊராட்சி எல்லையில் நடக்கிறது. தொழில் உபயோகத்துக்கான தடையின்மைச் சான்று பிர்கா எனும் குறுவட்டத்தைப் பார்க்கிறது. பிர்கா என்பது வருவாய்க் கிராமங்களின் தொகுப்பு. ஒரு ஊராட்சிக்குள் இரண்டு மூன்று வருவாய்க் கிராமங்கள் இருக்கலாம். ஒரு வருவாய்க் கிராமம் இரண்டு ஊராட்சிகளில் பிரிந்தும் கிடக்கலாம். ஆகவே ஊராட்சி, வருவாய்க் கிராமம் இரண்டையும் தனித்தனி அடுக்காக வையுங்கள். ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்காதீர்கள்.

அட்டவணையை எல்லையோடு இணைக்கும்போது ஊர்ப் பெயரால் இணைக்க வேண்டாம். புதூர், மேலூர், நல்லூர் எத்தனை! உள்ளாட்சிக் கோப்பகத்தில் ஒவ்வொரு கிராமத்துக்கும் குறியீட்டு எண் உண்டு, அதைக்கொண்டு இணையுங்கள். அங்கும் வருவாய்க் கிராம எண் வேறு, ஊராட்சி எண் வேறு.

கிராம எல்லையையும் பிர்கா எல்லையையும் ஒன்றின்மேல் ஒன்று வெட்டினால் ஓரங்களில் மெல்லிய கீற்றுகள் வரும். ஒரே கிராமத்தின் சிறு துண்டு பக்கத்துப் பிர்காவில் விழுந்ததுபோல் தெரியும். இரண்டும் வெவ்வேறு மூலங்களிலிருந்து வரையப்பட்டதால் வரும் பிழை அது. எந்தக் கிராமம் எந்தப் பிர்கா என்பதை வருவாய் ஆய்வாளர் அலுவலகப் பட்டியலைக்கொண்டு முடிவு செய்து, கிராமங்களை ஒன்றுசேர்த்தே பிர்கா எல்லையை உருவாக்குங்கள். கீற்று வராது.

தூரம் அளக்கும் வேலை இருந்தால் அடுக்கை, மீட்டரில் அளக்கும் யூடிஎம் ஆள்கூற்றுக்கு மாற்றுங்கள். கிழக்கு நெடுங்கோடு 78 பாகைக்குக் கிழக்கே மண்டலம் 44, மேற்கே 43. விழுப்புரத்துக்கு 44, கோவைக்காரர்கள் 43 எடுக்க வேண்டும். மாற்றாமல் அட்சரேகை–தீர்க்கரேகை அடுக்கில் 200 என்று கொடுத்தால் மென்பொருள் அதை மீட்டராக எடுக்காது, பாகையாக எடுத்துக்கொள்ளும்.

உங்கள் மாவட்டத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. புதுச்சேரியின் நிலப்பகுதிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு இடையே துண்டு துண்டாகக் கிடக்கின்றன. அங்கே 2002-ஆம் ஆண்டின் தனி நிலத்தடி நீர்ச் சட்டம். அந்தத் துண்டுகளை வெற்றிடமாக விடாமல் வேறு நிறத்தில் காட்டுங்கள். பகுதிகளின் நிலத்தடி நீர் நிலையை வண்ணங்களில் காட்டினால், ஒவ்வொரு வண்ணத்துக்கும் அந்த நிலையைக் கணித்த மதிப்பீட்டு ஆண்டையும் அருகிலேயே எழுதுங்கள். மதிப்பீடு பிர்கா அளவிலா, வட்ட அளவிலா என்று அறிக்கையின் முகப்பிலேயே பார்த்துக்கொண்டு, அலகு மாறியிருந்தால் பழைய ஆண்டோடு ஒப்பிடுவதைத் தவிருங்கள்.

எங்கள் பிர்கா ‘அதிநுகர்வு’ என்கிறார்கள். பாசனத்துக்குப் புது போர் போடவே முடியாதா?
– விவசாயி, திண்டுக்கல் மாவட்டம்

ஓராண்டில் எடுக்கத்தக்க நீரில் எவ்வளவு எடுக்கிறோம் என்பதுதான் கணக்கு. 70 விழுக்காடு வரை பாதுகாப்பான பகுதி. 90 வரை மித அபாயம். 100 வரை அபாயம். அதற்கு மேல் அதிநுகர்வு. ஒரு பிர்காவில் 1,000 ஹெக்டேர் மீட்டர் (ஒரு ஹெக்டேர் மீட்டர் என்பது ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் உயரம் நிற்கும் நீர்) எடுக்கலாம் என்றிருக்க, 1,180 எடுத்தால் 118 விழுக்காடு. 2020 மதிப்பீட்டில் தமிழ்நாட்டின் 1,166 பிர்காக்களில் 435 இந்த நிலையில் இருந்தன.

பொதுப்பணித் துறையின் 2014 ஜூலை அரசாணை எண் 142 முக்கியமாகக் கட்டுப்படுத்துவது தொழிலுக்கும் வணிகத்துக்கும் எடுக்கும் நீரை. சொந்தப் பாசனக் கிணற்றுக்கு ஊராட்சி அனுமதியும் பாதுகாப்பு விதிகளும் உங்களுக்கு உண்டு. பிர்காவின் நிலை உங்களைப் பாதிப்பது மானியத்தில். பிரதமரின் குசும் திட்டத்தில், நீர் வற்றிய பகுதிகளில் புதிய சூரிய பம்பு கிடையாது. இருக்கும் டீசல் பம்பை நுண்ணீர்ப் பாசனத்தோடு மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். விழுக்காடு ஒரு பிர்காவின் சராசரி. கடினப் பாறைப் பகுதியில் நீர் நிற்பது வெடிப்புகளில்தான்; பக்கத்து வயலில் ஊற்று கிடைத்தது உங்களுக்கு உத்தரவாதம் ஆகாது. 800 அடி, 1,000 அடி என்று இறக்கக் கடன் வாங்குமுன், அதே பணத்தில் இருக்கும் கிணற்றுக்குச் சொட்டுநீர் போட்டால் எத்தனை ஏக்கர் தாங்கும் என்று கணக்குப் பாருங்கள்.

சிறுதொழில், நாளுக்கு 10 கன மீட்டருக்குக் குறைவாகத்தான் எடுப்போம். மத்திய விதியில் விலக்கு இருக்கிறதாமே?
– தொழில்முனைவோர், திருப்பூர்

இருக்கிறது. மத்திய நிலத்தடி நீர் ஆணையத்தின் 2020 செப்டம்பர் வழிகாட்டுதலில் அப்படி ஒரு விலக்கு உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் தடையின்மைச் சான்று தருவது அந்த ஆணையம் அல்ல; மாநிலமே ஒழுங்குபடுத்துகிறது. எனவே அந்த விலக்கைக் காட்டி இங்கே நீர் எடுக்க முடியாது. சென்னை தரமணியில் உள்ள மாநில நிலத்தடி மற்றும் மேற்பரப்பு நீர்வள ஆதார விவர மையத்தில் விண்ணப்பியுங்கள். தண்ணீர் வணிகர்கள் அரசாணை 142-ஐ எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2018 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அரசாணையை உறுதிசெய்தது. இடம் வாங்கிய பிறகு பிர்காவைப் பார்ப்பதுதான் இத்துறையில் அதிகம் பணம் இழக்க வைக்கும் தவறு.

கடற்கரையிலிருந்து 300 மீட்டரில் தோப்பு. நீர்மூழ்கி மோட்டார் போடலாமா?
– வாசகி, மரக்காணம்

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 2019, உயர் ஓத எல்லையிலிருந்து (கடல் ஏறும் உச்சக் கோடு) 200 மீட்டருக்குள், உள்ளூர் மக்களின் சொந்தத் தேவை தவிர, நீர் எடுப்பதைத் தடுக்கிறது. மூன்றாம் வகை மண்டலத்தில் (பெரும்பாலும் ஊரகக் கடற்கரை) 200 முதல் 500 மீட்டர் வரை, வேறு நீராதாரம் இல்லாதபோது, சாதாரணக் கிணற்றிலிருந்து கையால் இறைக்கலாம். குடிநீர், தோட்டம், விவசாயம், மீன்பிடிப்புக்கு மட்டும். உங்கள் தோப்பு அந்த வகையில் வந்தால் மோட்டாருக்கு இடமில்லை. உயர் ஓத எல்லையை அலை நனைத்த இடத்தைப் பார்த்தோ செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தோ வைக்காதீர்கள்; ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் உள்ள கோடே செல்லும். இந்தத் தடைக்குக் காரணம் உப்பு. உப்புநீரின்மேல் மிதக்கும் நன்னீரை வேகமாக உறிஞ்சினால் கீழிருந்து கடல்நீர் மேலேறும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதி அதைப் பார்த்துவிட்டது.

நீர் வராத 300 அடி போரை எப்படி மூடுவது?
– வாசகர், திருச்சி மாவட்டம்

2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஒரு குழந்தையைப் பறிகொடுத்த மாவட்டத்திலிருந்து இந்தக் கேள்வி வந்திருக்கிறது. மேலே கல்லை வைத்து மூடுவது மூடுவது ஆகாது. உச்ச நீதிமன்றத்தின் 2010 உத்தரவுப்படி, களிமண், மணல், கூழாங்கல், துளையிட்டபோது வந்த தூள் போன்றவற்றால் அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும்.

ஆறரை அங்குலப் போர், 300 அடி என்றால் கொள்ளளவு ஏறக்குறைய 2 கன மீட்டர். கூடுதலாகக் கால்பங்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் நடுவில் அடைத்துக்கொண்டு கீழே காலியாக நிற்கும். மழைக்குப் பிறகு திடீரென உள்வாங்கும். 40 மில்லிமீட்டருக்கு மேல் கல் போடாமல், கூடை கூடையாக நிதானமாகப் போட்டு, எடை கட்டிய கயிற்றால் அவ்வப்போது ஆழம் பாருங்கள். போட்ட அளவுக்கு மட்டம் ஏறுகிறதா என்பதே சோதனை. மேல் பத்தடிக்குக் களிமண் திணித்தால் அழுக்கு நீர் உள்ளே இறங்காது.

நீர் வரும் போருக்கும் அந்த உத்தரவு பொருந்தும். போடுவதற்கு 15 நாள் முன்பே எழுத்தில் தகவல். வேலை நடக்கும்போது முள்வேலியும் அறிவிப்புப் பலகையும். கேசிங்கை (துளையில் இறக்கும் காப்புக் குழாய்) சுற்றி 0.50 × 0.50 × 0.60 மீட்டர் சிமென்ட் மேடை, பாதி தரைக்கு மேல், பாதி கீழ். போல்ட்–நட்டால் இறுக்கிய மூடி. மோட்டார் பழுதுக்காகத் தூக்கிய நாளிலும் துளை திறந்து கிடக்கக் கூடாது. நிரப்பி முடித்ததும், தரைமட்டம் வரை நிரப்பப்பட்டது என்ற சான்றை உரிய துறையிடம் கேட்டு வாங்கிப் பட்டா நகலோடு வைத்துக்கொள்ளுங்கள்.

காவிரி டெல்டா வேளாண் மண்டலச் சட்டத்தால் போர் போடத் தடையா?
– விவசாயி, திருவாரூர்

இல்லை. 2020-இன் அந்தச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பது, தோல் பதனிடுதல், உலோக உருக்காலை போன்ற புதிய தொழில்களை. பாசனக் கிணறு அதில் வராது; ஊராட்சி அனுமதி போதும்.