சொந்த வாழ்க்கையைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கலாமா?

கேள்வி: கோவையில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் அலுவலகத்தில், கணக்குப் பிரிவில் 7 ஆண்டுகளாக வேலை பார்த்தேன். கணவரைப் பிரிந்து வாழ்கிறேன். அதே நிறுவனத்தில் வசூல் பிரிவில் இருக்கும் ஒருவரோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது. அவர் திருமணமானவர். போன மாதம் அவருடைய மனைவி, செல்போனில் எடுத்த வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டுகளோடு ஆபீசுக்கே வந்து சத்தம் போட்டார். மறுநாள் எச்.ஆர். என்னைக் கூப்பிட்டு ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொன்னார். மறுத்தேன். "தங்களது ஒழுக்கக்கேடான நடத்தையால் நிறுவனத்தின் நற்பெயர் பாதிக்கப்பட்டுள்ளது" என்று எழுதி, ஒரு மாதச் சம்பளத்தைக் கணக்கில் போட்டு அனுப்பிவிட்டார்கள். கடிதம் வந்து 12 நாள் ஆகிறது. என்னோடு பழகியவரைச் சேலம் கிளைக்கு மாற்றியதோடு சரி. நான் செய்தது தப்பாகவே இருக்கட்டும், அதற்காக வேலையைப் பறிக்கலாமா? வழக்குப் போட்டால் எல்லாம் வெளியே வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: ராஜினாமா எழுதிக் கொடுக்க மறுத்தீர்களே, அது மிக நல்ல காரியம். "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், அது மிரட்டி வாங்கியது என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழுந்திருக்கும். இப்போது நீக்கியது நிறுவனம். காரணத்தை விளக்க வேண்டியதும் அவர்கள்தான்.

நிதி நிறுவன அலுவலகம் என்பதால் உங்களுக்குப் பொருந்துவது 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அதன் 41-ஆவது பிரிவு, குறைந்தது 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நீக்க இரண்டு வழிகளைத்தான் விட்டிருக்கிறது. நியாயமான காரணம் இருந்து, ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ கொடுத்து அனுப்பலாம். இல்லையென்றால், குற்றச்சாட்டைச் சொல்லி, விசாரணை நடத்தி, சாட்சியத்தைப் பதிவு செய்து, தவறு நிரூபணமான பிறகு முன்னறிவிப்பு இல்லாமலே அனுப்பலாம். உங்கள் நிறுவனம் என்ன செய்திருக்கிறது? ஒழுக்கக்கேடு என்று குற்றம் சாட்டியிருக்கிறது, ஆனால் விசாரணை இல்லை. சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டைச் சொல்லும் கடிதம்) இல்லை, உங்களிடம் விளக்கம் கேட்கவில்லை. ஒரு மாதச் சம்பளம் கொடுத்துவிட்டதால் இந்த ஓட்டை அடைபடாது. கடிதத்தில் உங்கள் பெயருக்குக் களங்கம் எழுதிவிட்டு, சாதாரணப் பணிநீக்கம்தான் என்று பிறகு சொல்ல முடியாது.

சரி, விசாரணையே நடத்தியிருந்தாலும் இது தண்டிக்கக்கூடிய தவறா? வயது வந்த இருவர், இருவருக்கும் சம்மதம், அலுவலகத்துக்கு வெளியே. திருமணத்தைத் தாண்டிய உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 செப்டம்பர் 27 அன்று ரத்து செய்தது. 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்தக் குற்றம் இல்லை. வேலைக்குச் சம்பந்தமில்லாமல், வேலை இடத்துக்கு வெளியே நடப்பதையெல்லாம் நிர்வாகம் தண்டிக்கப் புறப்பட முடியாது என்பதற்கு 1983-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த கிளாக்ஸோ வழக்கு இன்றும் துணை நிற்கிறது. கட்டுப்பாடு மிகுந்த போலீஸ் வேலையிலேயே, சம்மதத்தோடு நடந்த உறவுக்காக டிஸ்மிஸ் செய்யப்பட்ட ஒரு கான்ஸ்டபிளின் பணிநீக்கத்தை 2022-இல் குஜராத் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சமூகத்தின் பார்வையில் ஒழுக்கக்கேடாகத் தெரியலாம், ஆனால் அது அவருடைய தனிப்பட்ட விஷயம், பணி விதிப்படி தவறாகாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017-இல் வந்த தீர்ப்பைப் பலரும் உங்களிடம் சொல்வார்கள். அது முதன்மையாக அரசுக்கு எதிரான உரிமை. தனியார் நிறுவனத்தின் மேல் அதை வீசுவது சுலபமில்லை. 41-ஆவது பிரிவே போதும்.

இனி நான் கேட்க வேண்டிய ஒரு கேள்வி. நீங்கள் கணக்குப் பிரிவு, அவர் வசூலுக்கு வெளியே போகிறவர். அவருடைய பயணப்படி பில், பெட்ரோல் பில், இன்சென்டிவ் வவுச்சர் எதுவும் உங்கள் கையெழுத்தில் பாஸ் ஆனதா? அவர் கட்டிய வசூல் பணத்தை ரசீதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தது நீங்களா? ஆமாம் என்றால், உறவை மறைத்ததை நலன் முரண், அதாவது சொந்த விருப்பமும் பணிக் கடமையும் மோதும் நிலை என்று வாதிட நிறுவனத்துக்கு ஒரு பிடி கிடைக்கும். 2019-இல் மெக்டொனால்ட்ஸ் தன் தலைமை அதிகாரியை நீக்கியதும், 2025-இல் நெஸ்லே தன் தலைமை அதிகாரியை நீக்கியதும் கம்பெனிக்குள் இருந்த காதல் உறவுகளுக்காகத்தான். அதிகாரத்தில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை பார்ப்பவரோடு உறவு வைத்தால், சம்பள உயர்வும் பதவி உயர்வும் யாருக்கு எப்படிப் போகிறது என்ற சந்தேகம் எழத்தான் செய்யும். அந்த இடத்தில் நிர்வாகம் தலையிடுவது நியாயம் என்றே நானும் நினைக்கிறேன். உங்கள் கதை அது இல்லை. யாரும் யாருக்கும் மேலதிகாரி இல்லை. பில் விஷயம் இருந்தாலும், உங்கள் இருவரில் ஒருவரை வேறு பிரிவுக்கு மாற்றியிருந்தால் முடிந்துபோகும். அந்த மாற்றத்தைத்தான் அவருக்குச் செய்திருக்கிறார்கள்.

என்னை மிகவும் உறுத்துவது இதுதான். 1860-இல் எழுதிய அந்த 497-ஆவது பிரிவுகூட ஆண்களை மட்டும்தான் தண்டித்தது. உங்கள் அலுவலகத்தில் அதே செயலுக்கு அவருக்குச் சேலம், உங்களுக்கு வீடு. நற்பெயர் கெட்டது என்றால் இருவராலும்தானே கெட்டது? ஒருவரை வைத்துக்கொண்டு ஒருவரைத் துரத்துகிற நிர்வாகம் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசத் தகுதி இழக்கிறது. ஏழு வருட உழைப்பை எடைபோடாமல், வாசலில் எழுந்த கூச்சலுக்குப் பயந்து, பலம் குறைந்தவரைப் பலி கொடுத்திருக்கிறார்கள்.

அந்த மனைவியின் வலியும் உண்மையானது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கான இடம் குடும்ப நீதிமன்றம். குற்றம் இல்லை என்று ஆன பிறகும், இந்து திருமணச் சட்டத்தில் இது விவாகரத்துக்கான காரணமாக இருக்கிறது. அவர் வழக்குப் போட்டால் உங்களையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். கணவரின் அன்பைப் பறித்ததாகச் சொல்லி மூன்றாம் நபரிடம் இழப்பீடு கேட்கும் ஒரு மனைவியின் வழக்கை விசாரணைக்கு ஏற்கலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025-இல் சொல்லியிருக்கிறது. ஆகவே அந்த மனைவியோடோ அவர் குடும்பத்தோடோ இது பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

செய்ய வேண்டியது: 41-ஆவது பிரிவின்படி, தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் மனுப் போடுங்கள். கெடு 30 நாள், உங்களுக்கு 12 போய்விட்டது. இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள். பணிநியமன ஆணை, சம்பளச் சீட்டுகள், நீக்கக் கடிதம், தபாலில் வந்திருந்தால் அதன் கவர், எச்.ஆர். விதிப் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். ஒரு மாதச் சம்பளத்தை ஆட்சேபணையோடுதான் ஏற்கிறேன் என்று நிறுவனத்துக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்ற படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 7-ஆலும் பெருக்கினால் தோராயமான தொகை வரும். ஒழுக்கக்கேடு என்று சொல்லி அதை நிறுத்தவும் முடியாது. அதற்கு, பணியின்போது செய்த, சட்டப்படி குற்றமாகிற ஒரு செயல் இருக்க வேண்டும்.

எல்லாம் வெளியே வருமா என்ற பயத்துக்கு: உறவு இருந்ததா இல்லையா என்று மனுவில் நீங்கள் எழுத வேண்டியதே இல்லை. விசாரணை இல்லாமல் நீக்கினார்கள், காட்டிய காரணம் பணி சம்பந்தப்பட்டது இல்லை, இந்த இரண்டும் போதும். மன்னிப்புக் கேட்டோ விளக்கம் சொல்லியோ நிறுவனத்துக்கு நீளமாகக் கடிதம் எழுதிவிடாதீர்கள், அதுவே அவர்களுக்குச் சாட்சியமாகிவிடும். இதே சம்பவத்தில் தொடர்புடைய ஆண் ஊழியர் பணியில் தொடர்கிறார் என்பதை மட்டும், பெயர் குறிப்பிடாமல், தனிப் பத்தியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அவருக்குக் கொடுத்த இடமாறுதல் உத்தரவைத் தாக்கல் செய்யும்படி நிறுவனத்துக்கு உத்தரவிடக் கோரி ஒரு துணை மனுவும் போடச் சொல்லுங்கள்.