தண்டிக்கும் அதிகாரம் யாருக்கு? – சட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் புரிந்த ஒருவரை 2023-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வெளியே விட்டுவிட்டதாகப் படித்தேன். இது எப்படி நியாயமாகும்? – வாசகி, திருச்சி

பதில்: உங்கள் கோபம் இயல்பானது. ஆனால் அந்தக் குற்றத்திலிருந்து நீதிமன்றம் அவரை விடுவிக்கவில்லை. (அங்கே உயர் நீதிமன்றம் என்பதே நாட்டின் உச்ச நீதிமன்றம் என்பதையும் நினைவில் கொள்க.) வழக்கில் 'என்.இசட்.ஒய்.கியூ.' என்ற குறியீட்டால் மட்டுமே அறியப்படும் அவர், எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாத ரோஹிங்யா. 2016-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சிறைத்தண்டனை பெற்று, 2018-இல் பரோலில் வெளியே வந்தபோது குடிவரவுத் தடுப்புக்காவலுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவரை அனுப்பி வைக்க எந்த நாடும் இல்லாததால் அந்தக் காவலுக்கு முடிவும் இல்லாமல் போனது.

நாடு கடத்தும் வரை ஒருவரைக் காவலில் வைக்கலாம் என்கிறது சட்டம். கடத்தவே இயலாதென்றால் ஆயுள் முழுவதும் வைக்கலாமா என்பதுதான் கேள்வி. வைக்கலாம் என்று 2004-இல் அல்-காதெப் என்ற நாடற்ற ஒருவரின் வழக்கில் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பானது. அந்தப் பெரும்பான்மையில் இருந்த நீதிபதி மக்ஹியூவே அந்த மனிதரின் நிலை துயரமானது என்று எழுதினார். அந்தத் தீர்ப்பு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நின்றது. 2023 நவம்பர் 8 அன்று ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக அதை நிராகரித்தனர். தண்டனையாக ஒருவரைச் சிறைவைக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பு நீதிமன்றங்களுக்கே கொடுத்திருக்கிறது என்பது 1992-ஆம் ஆண்டின் லிம் வழக்கில் வகுக்கப்பட்ட கோட்பாடு. கண்ணுக்கெட்டிய எதிர்காலத்தில் நாடு கடத்த வாய்ப்பே இல்லாத நிலையில் தொடரும் காவல், வேறு எந்தப் பெயரில் அழைத்தாலும், தண்டனையாகவே ஆகிவிடுகிறது. இதே குற்றத்தைச் செய்த ஆஸ்திரேலியக் குடிமகன் தண்டனை முடிந்ததும் வீடு திரும்பியிருப்பான் என்பதை எண்ணிப் பாருங்கள். அவரால் ஆபத்து உண்டென அரசு கருதினால், அதை நீதிமன்றத்தில் நிரூபித்து உத்தரவு பெறட்டும்; அதற்கான சட்டமும் அதே ஆண்டு டிசம்பரில் வந்துவிட்டது.

கேள்வி: இந்தத் தீர்ப்பில் எங்கள் ஈழத்தமிழர்களுக்கு ஏதேனும் தொடர்பு உண்டா? – வாசகர், மெல்போர்ன்

பதில்: நிச்சயமாக உண்டு. அல்-காதெப் தீர்ப்பை மறுபரிசீலிக்குமாறு 2012-இலேயே உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியவர் ஓர் ஈழத்தமிழர். அகதி என ஏற்கப்பட்ட பின்னும், உளவு அமைப்பின் பாதகமான மதிப்பீடு காரணமாக அவருக்கு விசா மறுக்கப்பட்டது. மறுப்புக்கு அடிப்படையான விதி செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. காவல் பற்றிய பெரிய கேள்வியைத் தொடாமல் விட்டுவிட்டது. விண்ணப்பம் மீண்டும் பரிசீலிக்கப்படும் வரை அவர் காவலிலேயே இருக்க வேண்டியதாயிற்று. அன்று நீதிமன்றம் துணிந்திருந்தால் எத்தனை பேருடைய எத்தனை ஆண்டுகள் மிஞ்சியிருக்கும் என்று நினைக்கையில் எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது.

கேள்வி: திரும்பிப் போக மறுப்பவர்கள் எல்லோரும் இனி வெளியே வந்துவிடலாமா? விடுதலையானவர்களின் காலில் கட்டிய கருவி என்னவாயிற்று? – வாசகர், சிட்னி

பதில்: முதல் கேள்விக்கு, முடியாது. 2024 மே மாதம் ஈரானியர் ஒருவரின் வழக்கில், அவர் ஒத்துழைத்தால் நாடு கடத்த முடியும் என்பதால் காவல் செல்லும் என்று நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. தன் உயிருக்கு அஞ்சியே அவர் மறுத்தார் என்பதால், இந்தத் தீர்ப்பு கடுமையானது என்றே நான் கருதுகிறேன்.

2023 தீர்ப்பால் விடுதலையானவர்களுக்குக் கணுக்காலில் மின்னணுப் பட்டை அணிவித்து, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வீட்டிலேயே இருக்கச் செய்த விதிகளும் தண்டனையே என்று 2024 நவம்பர் 6 அன்று ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. உடனே அரசு, கடும் தீங்கு நேரும் அபாயம் இருப்பதாக அமைச்சர் திருப்தியடைந்தால் அதே நிபந்தனைகளை விதிக்கலாம் எனப் புது விதி வகுத்தது. அடுத்த ஆண்டு, இவர்களை ஏற்றுக்கொள்ள நவ்ரு தீவு நாட்டுடன் பெருந்தொகைக்கு ஒப்பந்தமும் செய்துகொண்டது.