புதிதாக வரும் தீயணைப்பு வண்டிகள் பழைய வண்டிகளை விட உறுதியாகக் கட்டப்படுகின்றனவா?

ஏதோ ஒரு தீயணைப்பு நிலைய வாசலில் புது வண்டி நிற்பதைப் பார்த்துவிட்டு, நான்கு படம் எடுத்துக்கொண்டு வந்து இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பில்லை, நானும் நின்று பார்க்கிற ஆள்தான். ஆனால் ஏற்கெனவே பதில் சொன்ன ஒருவர், "எஞ்சினும் சேசிஸும் பெரிய கம்பெனி செய்வது, மிச்சமெல்லாம் டிங்கர் வேலைதானே" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. கடலூர் ஓ.டி.யில் (ஓல்டு டவுன்) சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன், முக்கால்வாசி விசைப்படகு வேலை. அதற்கு முன் எட்டு வருஷம் பாடி கட்டும் பட்டறையில் தண்ணீர் டேங்கர், தீயணைப்பு வண்டி என்று அந்த டிங்கர் வேலையைத்தான் பார்த்தேன்.

முதலில் உங்கள் கேள்வி. வசதி என்று பார்த்தால் புது வண்டிதான் மேல், அதில் வாதமே கிடையாது. பழைய வண்டியில் பக்கவாட்டு அறைகளுக்குக் கீல் வைத்த கதவு. எங்கள் ஊர்ச் சந்துக்குள் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தினால் கதவு பாதிதான் திறக்கும், ஹோஸை உருவி எடுப்பதற்குள் கூரை பாதி எரிந்திருக்கும். இப்போது வருவது மேலே சுருண்டு போகிற அலுமினிய ஷட்டர், ஒரு ஆள் நுழைகிற இடைவெளி இருந்தால் போதும். டேங்கும் அப்படித்தான். முன்பு சாதாரண இரும்பு, உள்ளே எப்பாக்ஸி பெயிண்ட், அது உரிந்தால் துரு செதில் செதிலாகக் கிளம்பி ஸ்ட்ரெய்னர் வடிகட்டியை அடைக்கும். இப்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் பாலிபுரோப்பிலீனிலும் வருகிறது.

உறுதி வேறு விஷயம். ஒரு நீர்தாங்கி வண்டியில் சாதாரணமாக 4500 லிட்டர் தண்ணீர் இருக்கும். லிட்டருக்கு ஒரு கிலோ, ஆக நாலரை டன். அது நெல் மூட்டை மாதிரி சும்மா உட்கார்ந்து வராது. முழு டேங்கை விட அரை டேங்க் மோசம், வளைவில் தண்ணீர் ஒரு பக்கமாகப் புரண்டு வண்டியையே தள்ளும். அதற்காகத்தான் உள்ளே குறுக்கும் நெடுக்குமாகத் தடுப்புத் தகடு வைக்கிறோம். அப்புறம் மேடுபள்ளத்தில் சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்குகிற எலும்புக்கூடு, துணி பிழிவது போல முறுக்கிக்கொள்ளும். டேங்கை அதன் மேல் நேராக வைத்துப் பற்றவைத்தால் சேசிஸ் முறுக்கும்போது டேங்க் வளைந்து கொடுக்காது, மூலை வெல்டிங் பிளக்கும். ரப்பர் புஷ் கொடுத்து, கொஞ்சம் அசைய இடம் விட்டுத்தான் உட்கார வைக்க வேண்டும். இது எதுவும் போட்டோவில் தெரியாது. டிங்கர் வேலை என்றவர் மே மாதத்தில் ஒரு நாள் டேங்குக்குள் இறங்கித் தடுப்புத் தகடு பற்றவைத்துப் பார்க்கட்டும்.

சரி, நான் சொல்ல வந்தது.

சில வருஷங்களுக்கு முன் சிப்காட் பக்கம் ஒரு தொழிற்சாலையின் சொந்தத் தீயணைப்பு வண்டி என்னிடம் வந்தது. வாங்கி மூன்று வருஷம்கூட ஆகவில்லை, பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது. ஏப்ரல் முதல் வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள் இல்லையா, அந்த நினைவாக 14 முதல் 20 வரை தீயணைப்பு சேவை வாரம் நடத்துவார்கள், அதற்கு வண்டியை நிறுத்திக் காட்ட வேண்டுமாம். அங்கே இருந்த பாதுகாப்பு அதிகாரி போனில் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, பின் பக்க ஷட்டர் ஒண்ணு சிக்குது, கிரீஸ் வச்சு விட்டுடுங்க."

ஷட்டரைக் கழற்றினால், ஓடுகிற காடி முழுக்க வெள்ளைப் பொடி, அலுமினியம் அரித்துப் போன பொடி. அடிச் சட்டத்தில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டைகூட இல்லை. ஆட்களைக் கேட்டேன். வாரா வாரம் பயிற்சிக்கு உப்பனாற்றில் சக்‌ஷன் ஹோஸ் போட்டுத் தண்ணீர் இழுப்பார்களாம். கடல் ஏற்றம் உள்ளே வருகிற ஆறு அது, பெயரிலேயே உப்பு இருக்கிறது. அடித்து முடித்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினீர்களா என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது பாதி. மீதிப் பாதி கட்டியவர்கள் செய்தது. அலுமினியத் தகட்டை ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டு நேராக இறுக்கியிருந்தார்கள், நடுவில் ஒரு நைலான் வாஷர்கூட இல்லை.

எங்கள் ஊரில் இரும்புப் படகு வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார், அடியில் துத்தநாகக் கட்டி எதற்கு என்று. உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகம் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒன்று கரைந்து மற்றதைக் காப்பாற்றும். படகில் துத்தநாகம் கரையும், இரும்பு பிழைக்கும். அந்த வண்டியில் அலுமினியத் தகடு கரைந்து போல்ட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. போல்ட் பளபளவென்று புதுசாக இருந்தது. சுற்றியிருந்த தகட்டில் விரலை வைத்து அழுத்தினேன், அப்பளம் மாதிரி உள்ளே போனது.

பாதுகாப்பு அதிகாரியிடம் காட்டினேன். "இப்போதைக்குப் பட்டி போட்டுப் பெயிண்ட் அடிச்சுடுங்கண்ணே, விழா முடியட்டும்" என்றார். அடித்துக் கொடுத்தேன். ஆமாம், நான்தான். நீயே பட்டி பூசியவன், நீ என்ன தரத்தைப் பற்றிப் பேசுகிறாய் என்று கேட்பீர்கள், கேளுங்கள். அந்த மாதம் பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது, வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

ஜூலையிலோ ஆகஸ்டிலோ பயிற்சிக்கு வண்டியை எடுத்துப் போகும்போது, கம்பெனிக்குள்ளேயே வேகத்தடையில் ஏறி இறங்கியதில் அந்தப் பின் அறையின் தட்டு அப்படியே பிய்த்துக்கொண்டு விழுந்தது. ஹோஸ்களை இணைக்கிற 63 மில்லி கன்மெட்டல் கப்ளிங்குகள் அதில்தான் அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றும் என்ன கனம் என்று தூக்கியவர்களுக்குத் தெரியும். பின்னால் நடந்து வந்தவர் நாலு அடி தள்ளி வந்ததால் தப்பினார்.

அதன் பிறகு வண்டியை மொத்தமாக விட்டுவிட்டுப் போனார்கள். சட்டத்தை அறுத்து எடுத்து, எல்லா போல்ட்டுக்கும் நைலான் புஷ் போட்டு, அடியில் 12 மில்லி ஓட்டைகள் போட்டு, உள்ளே இருந்த தாங்கிகளை 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றினேன். முன்பு இருந்தது 304 ரகம். பார்த்தாலும் தெரியாது, காந்தம் வைத்தாலும் தெரியாது. 316-இல் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருக்கும், உப்புக்கு அது தாங்கும், விலையும் அதிகம்.

அவசரம் என்றதால் ராத்திரியிலும் வேலை. அதற்குப் பக்கத்து அடுக்குமாடியிலிருந்து போலீசுக்குப் போன் போட்டார்கள், கிரைண்டர் சத்தமாம். ஐயா, தானே புயலில் என் பட்டறைக் கூரை பறந்தது 2011-இல், அப்போது அந்த இடத்தில் கருவேல முள்தான் இருந்தது. பட்டறைக்குப் பக்கத்தில் வீட்டை வாங்கிவிட்டுப் பட்டறை சத்தம் போடுகிறது என்றால் என்ன செய்வது? கோயில் பக்கத்தில் வீடு வாங்கிவிட்டு மணியை நிறுத்தச் சொல்வீர்களா? சரி விடுங்கள், அது வேறு கதை.

எல்லா வண்டியும் இப்படி என்று நான் சொல்லவில்லை. கரூரில் பஸ் பாடியும் நாமக்கல்லில் லாரி பாடியும் கட்டுகிற கைகளைப் பார்த்தவன், நம் ஆட்களுக்கு வேலை தெரியாது என்று சொல்ல வாய் வராது. அந்த வண்டியைக் கட்டியவர்கள்கூட மோசம் இல்லை, வெல்டிங் எல்லாம் சுத்தம். வறண்ட ஊருக்குக் கட்டுவதைப் போலவே கடற்கரைக்கும் கட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். சேலத்தில் ஓடியிருந்தால் பத்து வருஷம் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நான் ஐ.டி.ஐ. ஃபிட்டர், கணக்கு போட்டுக் காட்டத் தெரியாது. எஞ்சினியர்கள் யாராவது வந்து திருத்தினால் திருத்துங்கள், ஆனால் கடற்கரையில் ஒரு வண்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அதனால் அடுத்த தடவை புது வண்டியைப் பார்த்தால் முகப்பு விளக்கையும் ஸ்டிக்கரையும் விட்டுவிடுங்கள். நிலையத்தில் கேட்டுக்கொண்டு குனிந்து அடியில் பாருங்கள். டேங்க் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஷட்டர் சட்டத்தில் தண்ணீர் வடிய வழி இருக்கிறதா, போல்ட் தலையைச் சுற்றிப் பெயிண்ட் குமிழ் விட்டிருக்கிறதா. குமிழ் இருந்தால் டிரைவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார், அவர் உட்காரப் போகிற வண்டி.

நீங்கள் எடுத்த படத்தில் பின் பக்கம், அடிப்பக்கம் ஏதாவது இருந்தால் போடுங்கள். பார்த்துவிட்டு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.